தம்பிமாரின் அளவுக்குத் தைத்தவள்

என்னை இடுப்பில் சுமந்து திரிந்த என் பாக்கியக்காவுக்கு,

உன்னுடைய முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வந்த சனம் எல்லாம் போய்விட்டது. பந்தலையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் மகள் வதனி அறையைக் கூட்டித் துடைத்து, உன் தையல் மெசினுக்கு மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு மூடியிருந்தாள். நான்தான் அதை எடுத்துவிட்டேன். மூடிவைத்தால் நீ இல்லை என்பது கூடுதலாகத் தெரிகிறது.

ஊர்ச் செய்தி சொல்லட்டுமா? தேற்றாத்தீவில் இந்த மாரி நல்ல மழை. முகத்துவாரம் வெட்டிய பிறகு வாவி வடிந்து, கரையோரச் சேறு வெளியே தெரிகிறது. ‘வாவி மூச்சு விடுகுது’ என்று நீ சொல்வாயே, அந்த மணம் நேற்றுக் காலை வாசல்வரை வந்தது. வட்டை வயலில் வேளாண்மை, கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நிற்கிறது. அத்தான் தினமும் போய் வரம்பில் நிற்கிறார். பயிரைப் பார்க்கிறாரா, அழுகிறாரா தெரியாது. நான் கேட்கவில்லை.

வதனியின் மூத்தவள் என்னிடம் ஒன்று கேட்டாள். “தாத்தா, அம்மம்மா ஏன் ஒருநாளும் பச்சைத் துணி தைக்க மாட்டா? பள்ளிக்கூட விழாவுக்கு எனக்குப் பச்சைப் பாவாடை கேட்டன். வேற ஆரிட்டயும் குடு எண்டு சொல்லிற்றா.” பக்கத்தில் இருந்த வதனியும் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது. நீ சொல்லவே இல்லையா, அக்கா? பெற்ற மகளுக்குக்கூட?

நீ சொல்லாததை நான் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு, உனக்கே எழுதுவோம், பிள்ளைகள் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும் என்று முடிவெடுத்தேன். பிழையான இடத்தில் நீ திருத்த முடியாது என்பதுதான் கவலை.

அப்பா வட்டைக்குள் பாம்பு கடித்துச் செத்த பிறகு எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது உன் மெசின் ஒன்றுதான். நான் படித்த பாடம் எல்லாம் அந்தச் சத்தத்தோடுதான் மண்டைக்குள் இருக்கிறது. றேடியோவில் பாட்டுப் போனால் உன் கால் அந்தத் தாளத்துக்கு மாறிவிடும். சோகப் பாட்டு என்றால் மெதுவாகத் தைப்பாய். “நல்ல பாட்டா வருமட்டும் இந்தச் சட்டை முடியாதுகா புள்ள” என்று அம்மா சிரிப்பா. மண்டூர்க் கோயில் திருவிழா வந்தால் உனக்கு நித்திரையே இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் உன் கையால் தைத்த சட்டையோடுதான் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போவார்கள். அந்தப் படகுப் பாதையில் நின்று, யார் யார் நீ தைத்ததைப் போட்டிருக்கிறார்கள் என்று நீ கண்ணாலேயே பார்த்துக்கொண்டு வருவது எனக்கு இப்போதும் தெரிகிறது.

இந்தியாவில் இருந்து சமாதானம் காக்கப் படை வந்த நாளையும் மறக்கவில்லை. லொறிகள் பெரிய வீதியால் வரும்போது சனம் இரண்டு பக்கமும் நின்றது. நீ செவ்வரத்தம்பூவில் மாலை கட்டினாய். “அது கெதியா வாடிப்போகும், மல்லிகையக் கட்டு” என்றா அம்மா. “வாடினா வாடட்டும், சிவப்பாத் தெரியவேணும்” என்றாய். முன்னால் வந்த லொறியில் நின்றவன் குனிந்து அந்த மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து என் தலையில் கையை வைத்து, “இனி ஒண்டுக்கும் பயமில்ல சிவா. பெரிய ஆக்கள் வந்திற்றாங்க. நீ படிப்ப மட்டும் பாரு” என்றாய். அன்று வீட்டில் பாற்சோறு.

அந்தச் சந்தோசத்தை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அவ்வளவு களைத்துப் போயிருந்தோம். யாராவது வெளியே இருந்து வந்து எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டுப் போகமாட்டார்களா என்று இருந்தோம். வந்தவர்களும் அப்படித்தான் நினைத்து வந்திருப்பார்கள்.

சில மாதங்களிலேயே எல்லாம் புரண்டுவிட்டது. காக்க வந்த படைக்கும் இயக்கப் பொடியன்மாருக்கும் சண்டை மூண்டது. சுற்றிவளைப்பு, வெயிலில் கோயில் வெளியில் இருத்திவைத்தல், வீடு வீடாகத் தேடுதல். யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற வந்தோம் என்று அவர்களுக்கே விளங்காத மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காலத்தில்தான் அந்தப் படையின் சுபேதார் ஒருவர், இந்தியாவின் திருநெல்வேலிக்காரர், எங்கள் வீட்டுக்கு வந்தார்.

முள்ளுக்கம்பியில் கிழிந்த சேட்டோடு படலையடியில் நின்றார். நீ பயத்தில் மெசினை விட்டு எழும்பவில்லை. “தங்கச்சி, இதக் கொஞ்சம் தச்சுத் தர முடியுமா? எங்க தையக்காரன் லீவுல போய்ட்டான்” என்று அவர் தமிழில் கேட்டதும் அம்மாவுக்கு அரைவாசிப் பயம் போய்விட்டது. தென்னங்குற்றியில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தார். பிறகு அடிக்கடி வருவார். ஒருநாள் தன் மகளுக்கு ஒரு கவுண் தைத்துத் தரச்சொன்னார். அளவு கேட்டாய். அவர் எழும்பி நின்று, கையைத் தன் நெஞ்சுக்குக் கிட்ட வைத்து, “இம்புட்டு ஒசரம் இருந்தா, நான் வர்றப்ப” என்றார். பிறகு கையைக் கொஞ்சம் மேலே தூக்கி, “இப்ப வளந்திருப்பா” என்றார். நீ அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். மடிப்பை உள்ளே நிறைய விட்டுத் தைத்தாய், வளர வளர அவிழ்த்துவிடலாம் என்று. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். அந்தக் கவுண் அங்கே ஏதாவது ஒரு பெட்டிக்குள் கிடக்குமா?

பிறகு தேர்தல் என்று ஒன்று நடந்தது. எங்கள் பகுதிக்கென்று ஒரு அரசாங்கம் வந்தது. அதை உண்டாக்கியவர்களும் வெளியே இருந்து வந்தவர்கள், அதற்குக் காவல் நின்றவர்களும் அவர்கள். கொழும்பில் ஜனாதிபதி மாறியதும் அவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். இவர்கள் போனால் இந்த அரசாங்கத்தை யார் காப்பது? அதற்கென்று ஊருக்குள்ளேயே ஒரு படை வேண்டும் என்று எங்கேயோ ஒரு மேசையில் முடிவாகியிருக்க வேண்டும். மேசையில் இருந்தவர்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் படைக்கு ஆள் வேண்டுமே. விரும்பிப் போக யாரும் இல்லை.

இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு ஜீப் வந்து நின்றதும், சாக்கு மூட்டைகளை இறக்கியதும்தான். உள்ளே பச்சைக் காற்சட்டைகள். “எல்லாத்துக்கும் இடுப்பச் சின்னதாக்கணும் தங்கச்சி, காலும் குட்டையாக்கணும்” என்றார் சுபேதார். கூலியாக மாவும் பருப்பும் தந்தார். மாவுக்கு ஊர் முழுக்கத் தட்டுப்பாடான நேரம். அம்மா கும்பிடாத குறை.

நீ இரண்டு நாள் தைத்தாய். மூன்றாம் நாள் மெசின் சத்தம் நின்றது. நான் புத்தகத்தை விட்டு நிமிர்ந்தேன். ஒரு காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, “எழும்பு” என்றாய். என் இடுப்பில் வைத்துப் பார்த்தாய். உன் முகம் போன போக்கு!

“என்னக்கா?”

“சிவா, இது உண்ட அளவு.”

“அதுக்கென்ன?”

“நான் குள்ளமான ஆக்களுக்காக்கும் எண்டு நினச்சன். குள்ளமான மனிசருக்கு இடுப்பு இப்பிடி இரிக்காது. இது படிக்கிற பொடியன்மாருக்கு.” அந்தக் காற்சட்டையை மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்தாய். “நாளையில இருந்து நீ பஸ்ஸில போகாத.”

ஆனால் பரீட்சை கிட்டிக்கொண்டிருந்தது. அம்மாதான், வகுப்பை விட்டால் ஒரு வருசம் போய்விடும் என்றா. நீயும் அரைமனதோடு அனுப்பினாய். களுவாஞ்சிக்குடியில் பஸ்ஸை மறித்தார்கள். ஏறியவர்கள் வந்த படையின் ஆட்கள் இல்லை. அவர்களோடு நின்ற எங்கள் ஊர்ப்பக்கத்துக் குழுப் பொடியன்மார். “படிக்கிற புள்ளையள் தம்பி, விடுங்க” என்று கொண்டக்டர் மன்றாடினார். என் கையைப் பிடித்து இறக்கியவன் எனக்கு இரண்டு வகுப்பு முந்திப் படித்தவன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனையும் யாரோ ஒருவன் இப்படித்தான் ஏதோ ஒரு பஸ்ஸில் இருந்து இறக்கியிருப்பான்.

என்னோடு குகனையும் இறக்கினார்கள். மண்டூரில் இருந்து பாதையில் வாவி கடந்து படிக்க வருபவன். அவன் அம்மா தங்கம்மா மாமி எருமைத் தயிர் போடுபவ. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குகன் கையில் ஒரு தயிர்ச் சட்டி இருக்கும். “அக்கா, இது உங்களுக்கு, சிவாவுக்குக் குடுக்காதீங்க” என்பான். நீ அவனுக்கென்று ஒரு சேட்டுத் தைத்துக் கொடுத்தாய், நீலக் கோடு போட்டது. நினைவிருக்கிறதா?

வாவிக்கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் எங்களை வைத்திருந்தார்கள். தலையை மொட்டை அடித்து, ஆளுக்கொரு காற்சட்டை எறிந்தார்கள். நான் காலை மடித்துப் பார்த்தேன். உள் மடிப்பில் உன் இரட்டைத் தையல். குகனும் பார்த்தான். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, “பயப்படாத மச்சான். அக்கா தைச்சதெண்டா லேசில கிழியாது” என்றான். சுற்றி இருந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

நீ என்னைத் தேடிக்கொண்டு வந்தது மூட்டையோடு. அளவு எடுக்க வந்தேன் என்று வாசலில் சொல்லியிருக்கிறாய். வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவருக்கும் நாடா பிடித்தாய். என் முறை வந்தது. குனிந்து என் இடுப்பில் நாடாவைச் சுற்றியபடி, “சாப்பிட்டியா?” என்றாய். “ஓம்” என்றேன். “நான் கூட்டிற்றுப் போவன். சொல்லுமட்டும் பேசாம இரி” என்றாய். அடுத்தவனுக்கு நகர்ந்துவிட்டாய். அவனுக்கும் அதையே கேட்டது என் காதில் விழுந்தது. “சாப்பிட்டியா?”

அன்று சுபேதாரிடம் போய் நீ கேட்டதைப் பின்னால் சொன்னாய்.

“அண்ணன், இதெல்லாம் பள்ளிக்கூடப் புள்ளையள். எண்ட தம்பியும் நிக்கான். விடச் சொல்லுங்க.”

“எனக்கு மேல இருக்கிறவங்க போட்ட திட்டம் தங்கச்சி. நாங்க போனப்புறம் உங்களப் பாத்துக்க ஆளு வேணும்ல? ஒங்களுக்காகத்தான் பண்றாங்க.”

“எங்கள ஆரிட்ட இருந்து பாக்கிற? நீங்க கப்பலேறின உடன இயக்கத்து ஆக்கள் வருவாங்க. இவனுகள் துவக்கத் தூக்கிச் சுடவே தெரியாம நிப்பானுகள். அவங்களும் நம்மட பொடியன்கள்தான், இவனுகளும் நம்மட பொடியன்கள்தான். ஆரு செத்தாலும் நம்மட வீட்டிலதான் பிரேதம்.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தாராம். பொல்லாத மனிசன் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்றுவரைக்கும் விளங்காத இடம். பொல்லாதவர் ஒருவர்கூட இல்லாமலே இவ்வளவு பொல்லாப்பு நடக்குமா, அக்கா?

லொறிகள் ஒவ்வொன்றாகத் திருகோணமலைப் பக்கம் போகத் தொடங்கின. ஒரு பின்னேரம் அவர் கடைசியாக வீட்டுக்கு வந்திருக்கிறார். “நாளைக்கு நாங்க கெளம்புறோம். காலைல சாப்பாட்டு நேரம் வாசல்ல எங்க ஆளு யாரும் நிக்க மாட்டான். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்” என்றாராம். அம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லையாம்.

அன்று நீ ஊருக்குள் வீடு வீடாகப் போனாய். கொடியில் காய்ந்த, ஆம்பிளைகள் கட்டும் சாரன், சேட்டு, என்ன கிடைத்ததோ அதெல்லாம் வாங்கினாய். எதற்கென்று யாரும் கேட்கவில்லையாம். ஒரு மனிசி, தன் செத்துப்போன மகனின் சாரனைப் பெட்டியில் இருந்து எடுத்துத் தந்தாவாம். காலையில் மேலே பச்சைக் காற்சட்டை, கீழே சாரன் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாய். “அளவு சரியில்லாத ஆக்கள் வாங்க” என்று எங்களைப் பின்பக்க வகுப்பறைக்குக் கூப்பிட்டாய். அன்றைக்கு எல்லாருக்கும் அளவு சரியில்லாமல் போய்விட்டது!

குழுப் பொடியன்மார் சாப்பாட்டில் நின்ற நேரம் பார்த்து, உடுப்பு மாற்றி, வாவியோரக் கண்டல் மரப் பற்றைக்குள்ளால் கரைக்கு இறங்கினோம். அங்கே ஒரு தோணிக்காரர் நின்றார். முன்பின் தெரியாதவர். மீன்பிடிக்கிற ஆட்கள் மாதிரி எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அக்கரையில் இறக்கினார். உன் பெயரைக்கூட அப்போது அவர் கேட்கவில்லை. பிறகு நீ சாரன்களைத் திருப்பிக் கொடுக்க அலைந்தபோது கூடவே அலைந்து, கடைசியில் எங்கள் அத்தான் ஆனார். அந்த நாளில் இருந்து நல்லதாக ஒன்று பிறந்தது என்றால் அது நீங்கள் இரண்டு பேரும், வதனியும்தான்.

குகன் மட்டும் அங்கே இல்லை. விடியவே அவனையும் இன்னும் சிலரையும் பெரிய வீதிக் காவலுக்கு லொறியில் கொண்டுபோய்விட்டார்கள். மத்தியானம் வருவான் என்றார்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டு நீ கண்டலுக்குள் அவனுக்கான சாரனோடு காத்திருந்தாய். “தங்கச்சி, வெடிச் சத்தம் கேக்குது, ஏறுங்க” என்று அத்தான் கெஞ்ச, “இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்” என்றாயாம். கடைசியில் கையைப் பிடித்து இழுத்துத்தான் தோணியில் ஏற்றினாராம்.

நீ சொன்னபடியே நடந்தது. வந்த படை போனது. அவர்கள் வைத்துவிட்டுப் போன அரசாங்கமும் போனது. அதைக் காக்கவென்று பிடித்த பிள்ளைகள் மட்டும் புதுத் துவக்குகளோடு வீதியில் நின்றார்கள். அவர்களில் உயிர் தப்பிய ஒருவன் வட்டைக்குள்ளால் ஓடிவந்து எங்கள் வீட்டுப் பின்கோடிக்குள் விழுந்தான். குகன் முதல் வெடியிலேயே விழுந்துவிட்டான் என்று அவன்தான் சொன்னான். துவக்கை எறிந்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றானாம்.

நீ மண்டூருக்குப் போனாய். தங்கம்மா மாமியிடம் உள்ளதைச் சொல்லத்தான் போனாய். மாமி உன்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்து, “புள்ள, கொஞ்சப் பேரக் கப்பல்ல ஏத்திற்றுப் போனாங்களாமே. எண்ட மகனும் அதில போயிருப்பான், என்ன?” என்றாவாம். அந்த முகத்தைப் பார்த்து நீ, “ஓம் மாமி” என்றாய்.

அந்த ஒரு ‘ஓம்’தான். அதைக் காப்பாற்றிக்கொள்ள நீ மாதா மாதம் வாவி கடந்தாய்.

அதோடு முடிந்ததா? வந்த ஆமிக்குத் தைத்தாய் என்று இயக்கத்தில் இருந்து உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். “தைச்சன். தைச்சதக் கழட்டியும் எடுத்தன்” என்றாய். அடிக்கவில்லை. மெசினைக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த வருசமே மறுபடி பெரிய சண்டை. தோணியில் ஏறித் தப்பிய எங்களில் சிலரை இயக்கம் பிடித்தது, சிலரை அரசாங்க ஆமி பிடித்தது. ஒரு படை அவர்களைப் பழக்கியது என்ற காரணமே மற்ற எல்லாருக்கும் சாட்டாகப் போய்விட்டது. என்னைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து கட்டாருக்கு அனுப்பினாய். இருபத்தைந்து வயதுக்கு முன் நான் பார்த்திருக்க வேண்டிய ஊர்த் திருவிழாக்களை எல்லாம் நீ கடிதத்தில் எழுதித்தான் பார்த்தேன். யார் என்ன நிறச் சட்டை என்றுகூட எழுதுவாய்.

அந்தக் கடிதங்களில் ஒருநாளும் துன்பம் இருக்காது. அத்தான் கொண்டுவந்த கொடுவாமீன், வதனிக்குப் பல்லு முளைத்தது, புது மெசின் வாங்கினது, பழைய மெசின் மாதிரி இது பாட்டுக்குத் தாளம் போடுதில்லை என்ற குறை. பாலைவனத்தில் இருந்து அதை வாசிக்கும்போது, எங்கள் வீட்டு வாசலில் யாரும் எதையும் இழக்கவே இல்லை என்று தோன்றும்.

போன வருசம், நான் கட்டாரை விட்டு ஊரோடு வந்த பிறகு, நீ ஏலாமல் படுத்திருந்தபோது, ரீவியில் ஏதோ ஒரு தேசத்துச் செய்தி போனது. பெரிய நாடு ஒன்றின் படை உள்ளே போய் அங்கிருந்த ஆட்சியை மாற்றிவிட்டது. சனம் வீதியில் ஆடிப்பாடி, வந்தவர்களுக்குப் பூக் கொடுத்தது. வதனியின் புருசன், “நல்ல வேலை மாமி. அந்த ஆட்சி சரியான கொடுமையாம்” என்றார்.

நீ தலையணையில் இருந்து திரும்பினாய். “பூக் குடுக்கட்டும் மகன். நாமளும் குடுத்தம்தானே. அந்தச் சனத்துக்கும் களைச்சுப் போயிருக்கும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாய். “மறுகா அந்த ஊருப் பொடியன்மாருக்கு ஆரு பச்சைக் காற்சட்டை தைக்கிற?”

அவருக்கு அது விளங்கவில்லை. நீ நோயில் பிதற்றுகிறாய் என்று நினைத்தார். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

இப்போது இதை எழுதவைத்த செய்திக்கு வருகிறேன். நேற்று நான் மண்டூருக்குப் போனேன். தங்கம்மா மாமிக்குக் கண் மங்கிவிட்டது. உன் முப்பத்தோராம் நாளுக்கு அவவால் வர முடியவில்லை. பாதையில் வாவியைக் கடக்கும்போது எனக்கு ஒரே யோசனை. நீ இல்லை, இனி அந்த ‘ஓம்’ஐ நான் தூக்கவேண்டுமா? அல்லது உள்ளதைச் சொல்லி, எண்பது தாண்டிய மனிசியைக் கொல்ல வேண்டுமா? அக்கரை வந்தும் எனக்கு முடிவு இல்லை.

மாமி முற்றத்தில் பாயில் இருந்தா. என் குரலைக் கேட்டதும், “சிவாவா? வா மகன். ஒங்கட அக்கா போயிற்றாவே” என்று என் கையைப் பிடித்து அழுதா. நானும் அழுதேன். அழுது ஓய்ந்த பிறகு நான், “மாமி, குகன்…” என்று தொடங்கினேன்.

“வேண்டாம் மகன். நீயும் பொய் சொல்ல வேண்டாம்” என்றா.

மாமி என் கையை விடவில்லை.

“எனக்குத் தெரியும். அந்தக் கிழமையே தெரியும். வீதியில கண்ட ஆக்கள் வந்து சொன்னாங்க. ஒங்கட அக்கா இந்தப் படலையால வரக்குள்ளயே அவட முகத்தில எழுதியிருந்திச்சு. சொல்லப் போறாள் எண்டு எனக்குப் பயம் வந்திற்று. அதான் நான் முந்திக் கப்பல் கதையச் சொன்னன்.”

“பிறகு ஏன் மாமி இவ்வளவு காலமும்…?”

“முதல்ல எனக்காகத்தான். மறுகா அவளுக்காக. அவள் வந்து இருந்து, மாமி, கப்பல்ல போன ஆக்கள் அங்க நல்லா இரிக்காங்களாம் எண்டு சொல்லுவாள். சொல்லிற்று எண்ட முகத்தப் பாப்பாள். நான் சிரிச்சா அவளுக்கு மூச்சு வரும். ஒருத்தன விட்டுட்டு வந்திற்றன் எண்டுதான் அவள் காலமெல்லாம் கிடந்து மாஞ்சாள். அத்தின தாயட புள்ளையளக் கொண்டு வந்து சேத்தவள் மகன் அவள். நான் தெரியும் எண்டு சொல்லியிருந்தா, அவள் மறுமாசம் என்ன முகத்தோட இஞ்ச வருவாள்? எனக்கு மகன் போயிற்றான். அவளும் வராம விட்டா நான் ஆரோட இரிக்கிற?”

அக்கா, நீ அவவைத் தாங்குகிறாய் என்று நினைத்து வாவி கடந்தாய். அவவும் உன்னைத் தாங்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறா. இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து, ஒரே பிள்ளைக்காக, ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதிருக்கிறீர்கள். இதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இனியாவது உனக்கு அந்தக் கண்டலுக்குள் காத்து நிற்கிற வேலை இல்லை.

நேற்று முதல்முறையாக மாமி குகனின் பெயரைச் சொல்லி, சத்தம் போட்டு அழுதா. பக்கத்து வீட்டுச் சனம் ஓடி வந்தது. “ஒண்டுமில்ல, எண்ட மகன் செத்திற்றான்” என்றா. இத்தனை வருசத்துக்குப் பிறகு. ஒரு மனிசி உள்ளே போய் விளக்கேற்றிக்கொண்டு வந்தா.

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மாதா மாதம் நான் மண்டூருக்குப் போவேன். கப்பல் கதை சொல்ல இல்லை; குகன் தயிர்ச் சட்டியோடு வந்து எங்களுக்குச் சிரிப்பு மூட்டிய கதைகளைச் சொல்ல. வரும் திருவிழாவுக்கு வதனியின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவேன். பாதையில் நின்று இதையெல்லாம் அவர்களுக்கு என் வாயாலேயே சொல்வேன். உங்களுக்கு ஒரு அரசாங்கம் தருகிறோம், ஒரு படை தருகிறோம் என்று நாளைக்கு எவர் எந்தக் கரையில் இருந்து வந்தாலும், அந்தப் பிள்ளைகள் முதலில் ‘யாருடைய பிள்ளைகளை வைத்து?’ என்று கேட்கட்டும்.

நீ நிம்மதியாக இரு, அக்கா.

நீ அளவெடுத்துக் கூட்டிவந்த உன் தம்பி,
சிவா